பத்துப் பேர் வேலையை ஏழு பேர் முடித்தால், மிச்சமாகும் மூன்று சம்பளம் யாருக்குப் போகும்?

வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் சேலத்துக்கோ மதுரைக்கோ பஸ் ஏறுபவரா நீங்கள்? அப்படியென்றால் பக்கத்து சீட்டிலிருந்து இந்தப் பேச்சு உங்கள் காதில் விழுந்திருக்கும். "உங்க கம்பெனியில எப்படி? ஆளைக் குறைக்கிறாங்களா?" "எங்க டீம்ல மூணு பேரை பெஞ்சுக்கு அனுப்பிட்டாங்க. ஏஐ டூல் வந்ததுல இருந்து அவ்வளவு பேர் வேணாமாம்."

ஏஐ வேலையைப் பறிக்குமா, பறிக்காதா என்று எழுதப்பட்ட கட்டுரைகள் ஏராளம். இந்தக் கட்டுரை இன்னொரு கேள்வியை எடுத்துக்கொள்கிறது. ஒரு கருவி வந்து வேலை சுலபமாகிறது, செலவு குறைகிறது என்றே வைத்துக்கொள்வோம். அதில் மிச்சமாகும் பணம் யார் கைக்குப் போகிறது? அதை முடிவு செய்வது யார்? பெங்களூருவில் வேலை பார்க்கும் உங்களுக்கு இந்த இரண்டாவது கேள்விதான் அதிக முக்கியம். ஏன் என்று பார்க்கலாம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

இது கற்பனைக் கணக்குதான், ஆனால் ஐடி சேவைத் தொழில் நடக்கும் விதம் இதுதான்.

ஒரு டீமில் 10 பேர். ஆளுக்கு மாதம் 1 லட்சம் ரூபாய் செலவு. மொத்தம் 10 லட்சம். அமெரிக்காவில் இருக்கும் கிளையன்ட் இந்த வேலைக்கு மாதம் 15 லட்சம் தருகிறார். கம்பெனிக்கு மிச்சம் 5 லட்சம்.

இப்போது ஏஐ டூல் வருகிறது. அதே வேலையை 7 பேர் முடித்துவிடுகிறார்கள். சம்பளச் செலவு 7 லட்சமாகக் குறைகிறது. மிச்சம் 3 லட்சம். இந்த 3 லட்சத்துக்கு யார் யார் கை நீட்டுகிறார்கள்?

முதலில் கிளையன்ட். "உங்களுக்கு ஆள் குறைஞ்சிருக்கு, எனக்கு 10 சதவீதம் பில்லைக் குறைங்க" என்கிறார். 1.5 லட்சம் அங்கே போகிறது. அடுத்து டூலை விற்ற நிறுவனம். உரிமக் கட்டணம், கிளவுட் செலவு என்று 50 ஆயிரம். பாக்கி 1 லட்சம் கம்பெனியின் லாபத்தில் சேர்கிறது. பின்னர் அது டிவிடெண்டாகவோ பைபேக்காகவோ பங்குதாரர்களுக்குப் போகலாம். மூன்று பேர் வேலையை இழக்கிறார்கள். இருக்கும் ஏழு பேருக்குச் சம்பளம் அதேதான், பொறுப்பு மட்டும் கூடியிருக்கிறது.

கிளையன்ட் இன்னும் கெட்டிக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 சதவீதம் குறைக்கச் சொல்கிறார். இப்போது பில் 12 லட்சம். சம்பளம் 7 லட்சம், டூல் 50 ஆயிரம் போக, கம்பெனிக்கு 4.5 லட்சம்தான் நிற்கிறது. முன்பு கிடைத்த 5 லட்சத்தைவிடக் குறைவு! "முடியாது" என்றால் கிளையன்ட் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவார். முதலாளித்துவம் என்ற பெரிய சொல்லின் அன்றாட அர்த்தம் இதுதான். மேனேஜர் நல்லவரா கெட்டவரா என்பதைவிட, விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கும் பலம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் பணம் எந்தப் பக்கம் பாயும் என்பதைத் தீர்மானிக்கிறது.

அதே 3 லட்சத்தை வேறு மாதிரியும் பங்கு போடலாம். ஏழு பேருக்குத் தலா 10 சதவீத உயர்வு கொடுத்தால் 70 ஆயிரம்தான் ஆகும். வெளியே போகும் மூவருக்கும் ஆறு மாதம் சம்பளத்தோடு பயிற்சி தரலாம். பத்துப் பேரையும் வைத்துக்கொண்டு வேலை நேரத்தைக் குறைக்கலாம். கணக்கு இவை எதையும் தடுக்கவில்லை. ஆனால் இவற்றை முன்வைக்க அந்த மேசையில் ஆள் வேண்டும்.

நிஜ எண்கள் என்ன சொல்கின்றன?

ஏஐ-க்கு முந்தைய காலத்திலிருந்தே பார்ப்போம். இந்திய ஐடி துறையின் அமைப்பான நாஸ்காம் தரும் கணக்குப்படி, 2011-12 நிதியாண்டில் துறையின் மொத்த வருவாய் சுமார் 101 பில்லியன் டாலர். நேரடியாக வேலை பார்த்தவர்கள் சுமார் 28 லட்சம் பேர். 2024-25-ல் வருவாய் 282.6 பில்லியன் டாலர், ஊழியர்கள் சுமார் 58 லட்சம்.

நான் வகுத்துப் பார்த்தேன். ஒரு ஊழியருக்கு இவ்வளவு வருவாய் என்று கணக்கிட்டால் அன்று சுமார் 36,000 டாலர், இன்று சுமார் 48,700 டாலர். அன்றைக்கு டாலர் 48 ரூபாய் வாக்கில் இருந்தது, 2024-25-ல் 84 ரூபாயைத் தாண்டிவிட்டது. ரூபாயில் சொன்னால் ஏறக்குறைய 17 லட்சத்திலிருந்து 41 லட்சம். இரண்டு மடங்குக்கும் மேல்.

இனி ஃப்ரெஷர் சம்பளத்துக்கு வருவோம். 2012 வாக்கில் பெரிய ஐடி சேவை நிறுவனங்கள் வளாகத் தேர்வில் கொடுத்தது ஆண்டுக்கு 3 முதல் 3.25 லட்சம். இன்றும் அதே நிறுவனங்களின் அடிமட்ட ஆஃபர் 3.3 முதல் 3.6 லட்சத்தை ஒட்டித்தான் தொடங்குகிறது. இடையில் விலைவாசி என்ன ஆனது? 2012-ஐ 100 என்று வைத்தால், அரசின் நுகர்வோர் விலைக் குறியீடு 2025-ல் 190-ஐத் தாண்டியிருக்கிறது. அதாவது அன்றைய 3.25 லட்சத்துக்குச் சமமாக இருக்க, இன்று 6 லட்சத்துக்கு மேல் கொடுத்திருக்க வேண்டும். உங்கள் அண்ணனோ அக்காவோ 2012-ல் முதல் சம்பளத்தில் பிஜி வாடகை கட்டி, வீட்டுக்கும் பணம் அனுப்பினார்கள். இப்போது தம்பிக்கு ஏன் மாதக் கடைசியில் ஜிபே கேட்டு மெசேஜ் வருகிறது என்பதற்கு விடை இந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

இதற்கு ஏஐ காரணம் கிடையாது. பொறியியல் பட்டதாரிகள் தேவைக்கு மேல் வந்துகொண்டே இருந்தார்கள், பேரம் பேச அவர்களுக்கு அமைப்பு இல்லை. 2017-ல் இன்ஃபோசிஸின் முன்னாள் நிதித் தலைவர் மோகன்தாஸ் பை, பெரிய நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு ஃப்ரெஷர் சம்பளத்தை உயராமல் வைத்திருக்கின்றன என்று வெளிப்படையாகவே குற்றம்சாட்டினார். அனுபவம் கூடக் கூடச் சம்பளம் நன்றாக ஏறியது என்பதும் உண்மை. துறை இத்தனை லட்சம் பேருக்கு நடுத்தர வர்க்க வாழ்க்கையைக் கொடுத்தது என்பதும் உண்மை. ஆனால் உற்பத்தித் திறன் உயர்ந்தால் சம்பளம் தானாக உயரும் என்ற நம்பிக்கைக்கு, குறைந்தபட்சம் படிக்கட்டின் முதல் படியில், ஆதாரம் இல்லை.

மேல் படியில் நிலவரம் எப்படி? டிசிஎஸ் 2025 ஜூலையில் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரை, குறைப்பதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்கள். ஏஐ தரும் உற்பத்தித் திறனுக்காக இதைச் செய்யவில்லை, திறன் பொருந்தாதவர்களையும் வேறு புராஜெக்டில் அமர்த்த முடியாதவர்களையும்தான் விடுவிக்கிறோம் என்று தலைமைச் செயல் அதிகாரி கே. கிருத்திவாசன் விளக்கினார். ஜூன் முடிவில் 6,13,069 ஆக இருந்த ஊழியர் எண்ணிக்கை செப்டம்பர் முடிவில் 5,93,314 ஆனது. இதில் தாங்களாக வேலையை விட்டவர்களும் அடக்கம்.

அதே டிசிஎஸ் 2024-25 நிதியாண்டுக்கு ஒரு பங்குக்கு 126 ரூபாய் டிவிடெண்ட் கொடுத்தது. மொத்தத்தில் சுமார் 45,000 கோடி ரூபாய். அதன் பங்குகளில் 70 சதவீதத்துக்கும் மேல் டாடா சன்ஸ் கையில் இருக்கிறது. பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட இன்ஃபோசிஸ் 2025 செப்டம்பரில் 18,000 கோடி ரூபாய்க்குத் தன் பங்குகளைத் திரும்ப வாங்குவதாக அறிவித்தது. அதன் வரலாற்றிலேயே பெரிய பைபேக் அது. தலைமைச் செயல் அதிகாரி சலில் பாரேக் 2024-25-ல் பெற்றது 80.62 கோடி ரூபாய். அதில் பெரும்பகுதி பங்குகளாகக் கிடைத்தது.

இவை எதுவும் சட்டவிரோதம் கிடையாது. பங்குதாரருக்குப் பணம் தருவது நிறுவனத்தின் வேலை. நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றைத்தான்: டிவிடெண்ட் எவ்வளவு என்று இயக்குநர் குழு கூடி முடிவெடுத்துத் தேதியோடு அறிவிக்கிறது. எத்தனை பேர் போக வேண்டும் என்பதையும் அதே மேலிடம்தான் முடிவெடுக்கிறது. இரண்டு கூட்டத்திலும் ஊழியர் தரப்பில் ஒருவர்கூட இல்லை.

நானும் பங்குதாரர்தானே?

இந்தக் கேள்வி எழுவது நியாயம். உங்களில் பலர் எஸ்ஐபி போடுகிறீர்கள். சரி, அதையும் கணக்குப் போடுவோம். இண்டெக்ஸ் ஃபண்டில் 5 லட்சம் வைத்திருக்கிறீர்கள், அதில் பத்தில் ஒரு பங்கு ஐடி பங்குகள் என்று வைத்துக்கொள்வோம். ஐடி துறையில் உங்கள் உடைமை 50 ஆயிரம் ரூபாய். 3 சதவீதம் டிவிடெண்ட் வந்தால் வருடத்துக்கு 1,500 ரூபாய். உங்கள் சம்பளம் ஆண்டுக்கு 12 லட்சம் என்றால், ஒரு நாள் சம்பளத்தில் பாதிகூட இல்லை. பங்குதாரர் என்ற முறையில் உங்களுக்கு வரும் லாபம், ஊழியர் என்ற முறையில் இழக்கக்கூடியதற்குப் பக்கத்தில்கூட வராது.

ஊழியர் ஏன் மேசையில் இல்லை?

கர்நாடகத்தில் இதற்கு ஒரு சட்டக் கதை உண்டு. வேலை நேரம், விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை, வேலைநீக்கம் ஆகியவற்றுக்கான விதிகளை எழுதிவைத்து அரசின் சான்று பெற வேண்டும் என்று சொல்லும் சட்டம் 1946-லேயே வந்தது. நிலையாணைச் சட்டம் என்பார்கள். ஐடி, ஐடி சார்ந்த நிறுவனங்களுக்கு இதிலிருந்து கர்நாடக அரசு விலக்கு அளித்தது. 2014, 2019, 2024 என்று ஐந்தைந்து வருடங்களாக அது நீட்டிக்கப்பட்டது. குறைதீர்க்கும் குழு அமைக்க வேண்டும், ஊழியரை இடைநீக்கமோ வேலைநீக்கமோ செய்தால் தொழிலாளர் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பவை அந்த விலக்குக்கான நிபந்தனைகள். உங்கள் அலுவலகத்தில் அப்படி ஒரு குழு இருப்பது உங்களுக்குத் தெரியுமா? 2017-ல் உருவான கர்நாடக மாநில ஐடி ஊழியர் சங்கம், அதாவது கிட்டு, இந்த விலக்கை நீக்கச் சொல்லித் தொடர்ந்து குரல் கொடுத்துவருகிறது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. நிலையாணைச் சட்டம் அவற்றில் ஒன்றான தொழில் உறவுகள் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. விலக்கு தரும் அதிகாரம் அதிலும் அரசிடம் இருக்கிறது.

ஒரு காலத்தில் இந்த ஊர் இப்படி இல்லை. எச்ஏஎல், பிஇஎல், எச்எம்டி, ஐடிஐ, பிஇஎம்எல் என்ற பொதுத்துறை நிறுவனங்களின் தொழிலாளர்கள் 1980 டிசம்பரிலிருந்து 77 நாள் வேலைநிறுத்தம் செய்த நகரம் பெங்களூரு. இயந்திரமயமாக்கலைப் பேசித் தீர்த்த முன்னுதாரணமும் நாட்டில் உண்டு. 1983 செப்டம்பரில் இந்திய வங்கிகள் சங்கமும் வங்கி ஊழியர் சங்கங்களும் கணினிமயமாக்கல் பற்றி ஓர் ஒப்பந்தம் போட்டன. எந்த வேலைக்கு இயந்திரம் வரலாம், அதில் வேலை பார்ப்பவருக்கு என்ன தனிப்படி என்பதெல்லாம் பேச்சுவார்த்தையில் முடிவாயின. கணினி வருவதைச் சங்கங்கள் தாமதப்படுத்தின என்ற விமர்சனம் இன்றுவரை இருக்கிறது, அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் வங்கிகளில் கணினி வந்தது. ஊழியர்களைக் கேட்டுவிட்டு வந்தது.

உங்களுக்கு இல்லாத உரிமை, டெலிவரி அண்ணனுக்கு இருக்கிறது

பெங்களூருவின் இன்றைய நிலையில் எனக்கு மிகவும் வியப்பாகத் தெரிந்தது இதுதான்.

கோரமங்களாவில் உங்கள் வீட்டுக்குப் பிரியாணி கொண்டுவருபவரை நிர்வகிப்பது ஓர் அல்காரிதம். எந்த ஆர்டர், எவ்வளவு காசு, ரேட்டிங் குறைந்தால் ஐடி முடக்கமா என்பதெல்லாம் அதன் கையில். அவருக்காகக் கர்நாடகம் 2025 மே மாதம் ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்து, பிறகு சட்டமன்றத்தில் அதை முழுச் சட்டமாக நிறைவேற்றியது. தளம் சார்ந்த கிக் தொழிலாளர்களின் சமூகப் பாதுகாப்பு, நலச் சட்டம் அது.

அதில் என்ன இருக்கிறது? ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் தொழிலாளருக்குத் தரும் தொகையில் 1 முதல் 5 சதவீதம் வரை நலநிதிக்கு நிறுவனம் கட்ட வேண்டும். தானியங்கிக் கண்காணிப்பும் முடிவெடுக்கும் முறையும் அவர் வேலையை எப்படிப் பாதிக்கின்றன என்பதை எளிய மொழியில் தெரிவிக்க வேண்டும். வேலையை விட்டு நீக்குவதாக இருந்தால் எழுத்தில் காரணம் சொல்லி, 14 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். 2024-ல் வரைவு வெளியானபோது தொழில்துறை அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. அல்காரிதத்தை விளக்கச் சொல்வதும் அவர்களின் ஆட்சேபங்களில் ஒன்று. ஆனாலும் அது சட்டத்தில் நின்றது.

இது எப்படிச் சாத்தியமானது? இந்தத் தொழிலாளர்கள் படித்தவர்கள் என்பதாலோ பணக்காரர்கள் என்பதாலோ அல்ல. ஓட்டுநர்களும் டெலிவரி ஊழியர்களும் சங்கமாகச் சேர்ந்தார்கள், ஆப்பை அணைத்துப் போராடினார்கள், தேர்தல் நேரத்தில் கட்சிகளிடம் வாக்குறுதி வாங்கினார்கள். இதற்கு முன்பே, 2023-ல், ராஜஸ்தான் இப்படி ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டு தமிழ்நாடு கிக் தொழிலாளர்களுக்கு நலவாரியம் அமைத்தது.

அவர்கள் வாழ்க்கை உங்களுடையதைவிடச் சிறப்பாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. வருமானம் குறைவு, வெயில், டிராஃபிக், விபத்து பயம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. சட்டம் காகிதத்திலிருந்து தெருவுக்கு எவ்வளவு வரும் என்பதையும் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும். ஆனால் ஒப்பிட்டுப் பாருங்கள். டிசிஎஸ் 2025 ஜூனில் ஒரு விதி கொண்டுவந்தது. வருடத்தில் 225 நாள் பில்லிங்கில் இருக்க வேண்டும், பெஞ்சில் 35 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. இப்படியொரு விதி உங்கள் நிறுவனத்தில் நாளை வந்தால், அந்த எண் எப்படி வந்தது என்று கேட்க உங்களுக்கென்று ஒரு சட்டம் இல்லை. உங்கள் கோடை ஏஐ மதிப்பிட்டு அப்ரைசலில் மார்க் போட்டால், அதன் அளவுகோலைக் காட்டு என்று கேட்கவும் இல்லை.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்? ஜெர்மனியில் ஊழியரின் நடத்தையையோ செயல்திறனையோ கண்காணிக்கக்கூடிய தொழில்நுட்பத்தைக் கொண்டுவர, அந்த நிறுவனத்தின் ஊழியர் குழுவின் சம்மதம் தேவை. அதே ஜெர்மன் நிறுவனத்தின் பெங்களூரு கிளையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த உரிமை கிடையாது. ஹாலிவுட் எழுத்தாளர்கள் 2023-ல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து, ஏஐ எழுதியதை எழுத்தாளரின் படைப்பாகக் கணக்கில் எடுக்கக் கூடாது, ஏஐ எழுதிய பகுதியைக் கொடுத்தால் அதைச் சொல்லியே கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம் வாங்கினார்கள். அவர்கள் ஏஐ-யைத் தடை செய்யவில்லை. யார் சம்மதத்தோடு, யாருக்கு லாபமாக அது வரும் என்பதில் தங்கள் பங்கைக் கேட்டு வாங்கினார்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

"புதுசா கத்துக்கோங்க" என்ற அறிவுரையை எல்லோரும் தந்துவிட்டார்கள். அது தேவைதான், கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் மேலே உள்ள கணக்கில் ஏழாவது ஆளாக நிற்கத்தான் அது உதவும், மிச்சத்தில் பங்கு வாங்கித் தராது. அதோடு சேர்த்து இவற்றையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ராஜினாமா கடிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். ஐடி துறையில் பல வேலைநீக்கங்கள் காகிதத்தில் ராஜினாமாவாகத்தான் பதிவாகின்றன. சட்டப்படியான ஆட்குறைப்பு என்றால், "தொழிலாளர்" என்ற வரையறைக்குள் வருபவருக்கு முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் இழப்பீடாகக் கிடைக்க வேண்டும். பத்து வருட அனுபவத்துக்கு ஏறக்குறைய ஐந்து மாத ஊதியம். புதிய தொகுப்பில், மறுபயிற்சி நிதியிலிருந்து இன்னொரு 15 நாள் ஊதியமும் 45 நாளுக்குள் வர வேண்டும். நீங்களாக ராஜினாமா செய்துவிட்டால் இந்த இரண்டும் இல்லை.

உங்கள் பதவிப் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் அந்த வரையறைக்கு வெளியே. ஆனால் விசிட்டிங் கார்டில் "மேனேஜர்" என்று இருந்தாலும், நாள் முழுக்கக் கோடு எழுதுபவரும் டெஸ்ட் செய்பவரும் தொழில்நுட்ப வேலை செய்பவர்கள் என்று வாதிட இடம் இருக்கிறது. உங்கள் அன்றாட வேலைக்கு ஆதாரமான மெயில்களைப் பத்திரமாக வைத்திருங்கள். அதில் கிளையன்டின் ரகசியத் தரவு மட்டும் கலந்துவிடக் கூடாது.

குறைதீர்க்கும் குழு எங்கே என்று கேளுங்கள். 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனத்தில் அது இருக்க வேண்டும், அதில் இரு தரப்புக்கும் சம எண்ணிக்கையில் இடம் உண்டு. எச்ஆருக்கு ஒரு மெயில் போதும்.

கடைசியாக, சங்கம் என்ற சொல்லைப் பார்த்து மிரள வேண்டாம். தமிழ்நாட்டில் ஐடி ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று மாநில அரசே 2016-ல் தெளிவுபடுத்தியது. பெங்களூருவில் கிட்டு, சென்னையில் எஃப்ஐடிஇ, யுனைட் போன்ற அமைப்புகள் இருக்கின்றன. சேருவதும் சேராததும் உங்கள் விருப்பம். சேரும் முன் அவர்கள் எந்த வழக்கை எடுத்தார்கள், எதை வாங்கிக் கொடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்த முறை டவுன்ஹாலில் "ஏஐ-யால் நம் உற்பத்தித் திறன் 30 சதவீதம் கூடியிருக்கிறது" என்று ஸ்லைடு போட்டால், கைதட்டிவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்த 30 சதவீதத்தில் எங்களுக்கு எவ்வளவு?" தனியாக ஒருவர் கேட்டால் அவர் பெயரைக் குறித்துக்கொள்வார்கள். நாற்பது பேர் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.